மார்த்தா அன்பியம் ஒன்றும் செய்யவில்லை

வேண்டாம் அம்மா, நீங்கள் சாப்பிடுங்கள். எனக்கு இன்றைக்கு ஒருசந்தி. ஒருவேளைச் சாப்பாடுதான் என்று அர்த்தம். மாலை போட்டவர்கள் விரதம் இருப்பார்கள் இல்லையா, அதுபோல எங்களுக்கு ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தவக்காலம். முறுக்கு நன்றாகத்தான் இருக்கும், வாசனையே சொல்கிறது. ஆனால் ஒன்றில் ஆரம்பித்தால் நான் நிறுத்துகிற ஆள் இல்லை.

இவளுக்கா? கொடுங்கள், எழுந்ததும் கொடுக்கிறேன். பதினாலு மாதம் ஆகிறது. ஜோவிட்டா என்று பெயர், ஜோவி என்று கூப்பிடுவோம். காலை நீட்டித் தூங்குகிற பழக்கம். உங்கள் மடியில் பட்டால் தள்ளிவிடுங்கள், எழுந்திருக்க மாட்டாள்.

தனியாகத்தான் போகிறேன். இவள் அப்பா போர்வெல் வண்டியில் ஆபரேட்டர். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டிகள் எல்லாம் வடக்கேதான் ஓடும். சத்தீஸ்கர் போனால் ஆறு மாதம். அவர் ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார், நான் தெருக்குழாயில் குடம் தூக்குகிறேன். மாமியார் வீடு சேலம் அம்மாபேட்டையில். மாமனார் வாதம் வந்து படுத்திருக்கிறார். பேத்தியை அவர் கண்ணில் காட்டிவிட்டு ஞாயிறு பூசைக்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே எனக்கு வேலை கிடக்கிறது. நான் அன்பியத்தின் செயலர்.

சிரிக்காதீர்கள், பெரிய பதவிதான். எங்கள் கோயில் சின்னது. வியாகுல மாதா கோயில், நூறு குடும்பம்கூடத் தேறாது. ஆனாலும் அதை ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பதினைந்து வீடு சேர்ந்தால் ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம், செபம் சொல்வோம், டீ குடிப்போம், அந்த டீ நன்றாக இல்லை என்று அடுத்த வாரம் அடுத்த வீட்டில் பேசுவோம். எங்களுடையது புனித மார்த்தா அன்பியம். மார்த்தா யார் தெரியுமா? இயேசு வீட்டுக்கு வந்தபோது தங்கைக்காரி அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அடுப்படியில் கிடந்து வேலை பார்த்தவள். உழைப்பாளியின் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு போன வருஷத் தவக்காலத்தில் எங்கள் பெண்கள் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். சங்ககிரி வர இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அதிலிருந்து கான்வென்ட் ஹாஸ்டல்தான். சிஸ்டர்கள் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். பூத்தையல், கையெழுத்து, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம். கைக்குழந்தையைத் தூக்குவது மட்டும் அவர்களுக்கும் பழக்கமில்லை, எனக்கும் பழக்கமில்லை.

ஜோவி கிறிஸ்துமஸ் வாரத்தில் பிறந்தாள். அத்தை, அதாவது மாமியார், வந்து இரண்டு மாதம் இருந்தார். எல்லாம் அவர்தான். நான் பால் கொடுத்ததோடு சரி. மீதி நேரம் பயந்துகொண்டிருந்தேன்.

சும்மா பயம் இல்லை அம்மா. இவள் தூங்கினால் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். கையை எடுத்ததும் சந்தேகம் வரும், வந்தது இவள் மூச்சா, ஃபேன் காற்றா என்று. ஃபேனை நிறுத்துவேன். புழுக்கத்தில் அழுவாள். அழுதால் எனக்கு நிம்மதி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், குளிப்பாட்டுவதுதான் என்னால் முடியவில்லை. எண்ணெய் தேய்த்த குழந்தை எப்படி வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? அத்தை காலை நீட்டிப் போட்டு ஊற்றுவார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். இவள் தலை என் கையிலிருந்து நழுவித் தரையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. படவில்லை. அத்தை கையில் பத்திரமாக இருந்தாள். ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கம் இவளைத் தூக்கிப்போக என் கை வரவே இல்லை.

மாமனார் படுத்த படுக்கை. அத்தை எத்தனை நாள் இங்கே இருப்பார்? சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பையைக் கட்டினார். கட்டிக்கொண்டே சொன்னார்.

"பிரிஸ்கா, ஈஸ்டர் கழிச்சு திங்கக்கிழமை வருவேன். அதுக்குள்ள நீ தனியாப் புள்ளைக்குத் தண்ணி வாக்கப் பழகியிருந்தீன்னா சந்தோஷம். இல்லேன்னா நான் தூக்கிட்டுப் போயிருவேன். ஒரு வயசு வரைக்கும் எங்கிட்ட வளரட்டும். நீ வாரா வாரம் வந்து பாத்துக்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவம் பார்த்துச் சொன்னார். பாலும் வற்றிப்போய்விடும், பிள்ளையும் என்னை மறந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. இவரிடம் போனில் சொன்னால், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். பின்னால் வண்டி டக டக என்று பூமியைத் துளைக்கிற சத்தம். அத்தை போகிற வழியில் எங்கள் அன்பியத் தலைவி ரெஜினா அக்கா வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். ஏன் என்று தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் சேலைப் பைத்தியம்.

மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்குகிற நாள், நெற்றியில் சாம்பல் பூசி அனுப்புவார்கள். எங்கள் ஃபாதர் எட்வின் பிரசங்கத்தில் ஒரு திட்டம் சொன்னார். ஒவ்வொரு அன்பியமும் கஷ்டத்தில் இருக்கிற ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நாற்பது நாளும் அந்த வீட்டுக்கு உதவ வேண்டும். அதையும் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டு செய்யக் கூடாது, வாங்குகிறவருக்குக் கூச்சம் வராதபடி செய்ய வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லா அன்பியமும் அறிக்கை படிக்க வேண்டும். ஊரைக் கூட்டாதே என்றவர் மண்டபத்தைக் கூட்டி ஏன் படிக்கச் சொல்கிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. ஃபாதரிடம் யார் கேட்பது?

எந்த வீடு என்று முடிவு செய்ய எங்கள் அன்பியம் வியாழக்கிழமை கூடியது. நான் போகவில்லை. இவளுக்குத் தடுப்பூசி போட்டுக் காய்ச்சல். மறுநாள் ரெஜினா அக்காவிடம் கேட்டேன், "என்னக்கா முடிவு பண்ணுனீங்க? நோட்டுல எழுதணும்ல."

"ஒண்ணும் முடிவாகல கண்ணு. நீ எழுதாத. அப்படியே விட்டுரு" என்றார்.

சரி, அடுத்த வாரம் முடிவு செய்வார்கள் என்று ஒரு பக்கம் வெறுமையாக விட்டேன். அந்தப் பக்கம் கடைசி வரை வெறுமையாகவே கிடந்தது.

உதவிதான் செய்யவில்லை, சரி, அவரவர் வீட்டில் இருக்கலாம் இல்லையா? தவக்காலம் ஆரம்பித்ததிலிருந்து எல்லாரும் என் வீட்டில்தான்.

முதலில் பவுலின் அம்மா. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நின்றார்.

"அம்மணி, மருமகளுக்கு இது ஏழாம் மாசம். புள்ள பொறந்தா நாந்தான் தண்ணி வாக்கோணும். எனக்குக் கை மறந்தே போச்சு. உம் புள்ள மேல கொஞ்சம் பழகிக்கட்டுமா?"

எத்தனை ஆயிரம் குழந்தைகளைக் குளிப்பாட்டியிருப்பார். நாலு வருஷத்தில் மறந்துவிடுமா என்று எனக்கே ஆச்சரியம். வயசானால் அப்படித்தான் போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு கதவருகே நின்று நான் வாசிப்பேன், "குழந்தையின் தலையை இடது உள்ளங்கையில் தாங்கவும்." அவர், "ஓ, இடது கையிலயா?" என்பார். "காதில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளவும்." "அப்படியா? நல்ல வேளை சொன்ன." இப்படி ஒரு ஓய்வு பெற்ற ஆயாவுக்கு நான் பாடம் எடுத்தேன். இவளும் அவர் காலில் கிடந்து சுகமாகக் கொட்டாவி விடுவாள். மறந்துபோன கைக்கு அவர் நன்றாகத்தான் செய்தார், அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து லூர்து அக்கா. இட்லி மாவு அரைத்து விற்கிறவர். மத்தியானம் இரண்டு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்.

"எங்க வீட்ல கரண்ட் இல்ல. இங்க செத்த நேரம் படுத்துக்கறேன்."

இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் அம்மா. அவர் வீட்டில் கரண்ட் இல்லையென்றால் என் வீட்டில் எப்படி இருக்கும்? கேட்டேன். "அதாங்கண்ணு எனக்கும் புரியல" என்று படுத்துவிட்டார். இவளைத் தன் பக்கத்தில் போடச் சொல்வார். "புள்ள மூச்சு காதுல கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார். யாரோ ஒருத்தர் பக்கத்தில் இருக்கிறார் என்றதும் எனக்குக் கண் சொருகிவிடும். எழுந்து பார்த்தால் மணி ஐந்து. லூர்து அக்கா கண்ணை அகல விழித்துக்கொண்டு, இவள் முதுகில் கை வைத்தபடி படுத்திருப்பார். தூங்க வந்தவர் தூங்கவில்லை, நான்தான் தூங்கினேன். இதுவும் ஒரு மாதிரி வீட்டுக்காரி பிழைப்பைக் கெடுப்பதுதானே? நான் மத்தியானத்தில் பூத்தையல் போடலாம் என்று எத்தனை திட்டம் வைத்திருந்தேன்.

ரெஜினா அக்கா கதை இன்னும் மோசம். எங்கள் கோயிலில் தவக்கால வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை உண்டு. முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். ஆடி மாதம் நீங்கள் கூழ் ஊற்றுவீர்களே, அப்படி. ரெஜினா அக்கா பள்ளிக்கூடச் சத்துணவில் சமைப்பவர் என்பதால் கஞ்சிப் பொறுப்பு அவருக்கு. அந்த வருஷம் விரதம் மாதிரி ஒறுத்தல் என்று உப்பை விட்டுவிட்டாராம். "உப்பு சாப்பிடாம நாக்கு செத்துப்போச்சு கண்ணு. வெள்ளிக்கிழமைக்கு ருசி பாத்துச் சொல்ல ஆள் வேணும்" என்று தினமும் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

தினமும் அம்மா. கஞ்சி ஒருநாள். சரி. மறுநாள் பூண்டுக் குழம்பும் சாதமும். அடுத்த நாள் முருங்கைக்கீரைப் பொரியல். அதற்கடுத்த நாள் பால்சுறாப் புட்டு. தவக்காலக் கஞ்சிக்கு யாராவது சுறாப்புட்டு வைப்பார்களா? "கொஞ்சமா ருசி பாத்தா தெரியாது, முழுசாச் சாப்புட்டுச் சொல்லு" என்று எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நான் நேர்மையாகச் சொல்வேன், பூண்டு அதிகம், காரம் குறைவு என்று. "அப்படியா, நாளைக்குச் சரி பண்ணிக்கறேன்" என்பார். வெள்ளிக்கிழமை வந்தால் வெறும் கஞ்சியும் தேங்காய்த் துவையலும்தான். நாற்பது நாள் நான் ருசி பார்த்த பதார்த்தத்தில் ஒன்றுகூட மண்டபத்துக்கு வரவில்லை. அப்படியென்றால் எதற்கு என்னை வதைக்க வேண்டும்? நான் ஆறு கிலோ ஏறிவிட்டேன்.

ஏன் அம்மா சிரிக்கிறீர்கள்? சுறாப்புட்டு என்றதற்கா?

சிரியுங்கள். அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். இரண்டாம் வாரம் பவுலின் அம்மாவுக்கு மணிக்கட்டுப் பிடித்துக்கொண்டது. எந்தக் கை என்றால் ஒருநாள் வலது, ஒருநாள் இடது.

"நான் காலை நீட்டிப் போட்டுக்கறேன், தலையப் புடிச்சுக்கறேன். நீ தண்ணிய மட்டும் ஊத்து அம்மணி."

முடியாது என்றேன். "அப்பப் புள்ள அழுக்கோட கெடக்கட்டும், நான் போறேன்" என்று எழுந்தார். எண்ணெய் தேய்த்துவிட்டுப் போகிறேன் என்றால் எப்படி? ஊற்றினேன். பாதித் தண்ணீர் பவுலின் அம்மா சேலையில். மூன்றாம் வாரம் முட்டி மடங்கவில்லை என்றார். "நீ உக்காரு, நான் ஊத்தறேன், தலையையும் நானே புடிச்சுக்கறேன்." அதற்கடுத்து முதுகு. குனிய முடியாதாம். "தலைய நீ புடி. நான் உங்கையப் புடிச்சுக்கறேன்." வாரத்துக்கு ஒரு பாகமாக அவர் உடம்பு என் குளியலறையில் வேலைநிறுத்தம் செய்தது. பாவம், கடைசியில் அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார், அவர் விரல் ஒன்று என் தோளில். பழக வந்தவருக்கு ஒன்றும் பழகவில்லை. இந்த லட்சணத்தில் சனிக்கிழமைதோறும் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு போய் வரிசையில் நிற்பார். அறுபத்திரண்டு வயசில் வாரா வாரம் அப்படி என்ன பாவம் செய்வாரோ.

சங்ககிரி வந்துவிட்டதா? பத்து நிமிஷம் நிற்கும். வெள்ளரிக்காய் வேண்டுமா உங்களுக்கு? நான் இறங்கவில்லை, இவள் எழுந்துவிடுவாள்.

ஐந்தாம் வாரம் புதன்கிழமை. அதை மறக்க மாட்டேன். காலையிலிருந்தே இவளுக்கு வயிறு சரியில்லை. ஒன்பதரைக்கு ஒரு தடவை போனாள் பாருங்கள், கழுத்து வரைக்கும். துணியால் துடைக்கிற விஷயமே இல்லை. பத்து மணிக்குப் பவுலின் அம்மா வந்துவிடுவார் என்று வெந்நீர் போட்டு வைத்தேன். பத்து ஆனது. பத்தேகால் ஆனது. வாசலைப் பார்க்கிறேன், யாரும் இல்லை. ரெஜினா அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. லூர்து அக்கா போன் அணைத்து வைத்திருக்கிறது. வேண்டாம் என்கிற நாளெல்லாம் வந்து உட்காருகிறவர்கள், வேண்டும் என்கிற அன்றைக்கு ஒருத்தர்கூட இல்லை.

இவள் கத்துகிறாள். தண்ணீர் ஆறுகிறது. எனக்கு வந்ததே கோபம். "உங்க சகவாசமே வேண்டாம்" என்று தூக்கினேன். தரையில் உட்கார்ந்தேன், காலை நீட்டினேன், இவளைப் போட்டேன். ஒரு கை தலைக்கு, ஒரு கை செம்புக்கு. ஊற்ற ஊற்றத் திட்டினேன். இந்தச் செம்பு பவுலின் அம்மாவுக்கு, இந்தச் செம்பு லூர்து அக்காவுக்கு என்று பெயர் சொல்லித் திட்டினேன். இவள் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். துடைத்துச் சாம்பிராணி காட்டி, பவுடர் போட்டு, சட்டை மாட்டித் தோளில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. இவள் தலை விழுகிற அந்தச் சத்தம். கேட்குமோ என்று நினைக்கக்கூட நேரம் இல்லாமல் போயிருக்கிறது.

உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதை விடுங்கள்.

பிறகு கதவைத் திறந்தால் வாசல்படியில் மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள். ரெஜினா அக்கா கையில் தூக்குவாளி. பவுலின் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறார். லூர்து அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு மாதிரி குலுங்கிக்கொண்டிருக்கிறார்.

"எங்க போனீங்க எல்லாரும்?" என்றேன்.

"பஸ் கெடைக்கல கண்ணு" என்றார் ரெஜினா அக்கா.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்கு எந்த பஸ் அம்மா?

அன்றைக்கு முடிவு செய்தேன், இவர்களைச் சும்மா விடக் கூடாது என்று. அடுத்த நாளிலிருந்து நானே குளிப்பாட்டினேன். பவுலின் அம்மா வந்தால், "முக்காலி அங்க இருக்கு, உக்காருங்க" என்பதோடு சரி. அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் வந்தது.

பரிசுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. அந்தோணியார் அன்பியம், மழையில் ஒழுகின ஒரு தாத்தா வீட்டுக்குக் கூரை மாற்றியிருக்கிறார்கள். சூசையப்பர் அன்பியம், நடக்க முடியாத ஒரு பையனுக்குச் சக்கர நாற்காலி. தெரசாள் அன்பியம், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்குத் தினமும் சாப்பாடு. கேட்கக் கேட்க எனக்குத் தலை குனிந்தது. "அடுத்து புனித மார்த்தா அன்பியம்" என்றார் ஃபாதர். எழுந்தேன். இடது இடுப்பில் இவள், வலது கையில் தாள்.

படித்தேன் அம்மா. ஒரு வரி விடாமல் படித்தேன். "எங்கள் அன்பியம் இந்தத் தவக்காலத்தில் எந்த வீட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. யாருக்கும் எந்த உதவியும் செய்யவில்லை. மாறாக, அன்பியத்தின் மூத்த உறுப்பினர்கள் மூவர், கணவர் வெளியூரில் இருக்கும் ஒரு கைக்குழந்தைக்காரியின் வீட்டில் நாற்பது நாளும் தங்கள் சொந்தத் தேவைகளை நிறைவேற்றிக்கொண்டார்கள்" என்று ஆரம்பித்துக் குளியல், தூக்கம், சுறாப்புட்டு எல்லாவற்றையும் தேதி போட்டுப் படித்தேன். முதலில் கிசுகிசு என்று சத்தம் இருந்தது. இரண்டாவது பக்கத்தில் அதுவும் நின்றுவிட்டது. இவள் என் காதுக் கம்மலை இழுத்துக்கொண்டிருந்தாள், தலையை ஒதுக்கிவிட்டு ஒதுக்கிவிட்டுப் படித்து முடித்தேன்.

ஃபாதர் அந்த மூன்று பேரையும் பார்த்தார். "என்ன ரெஜினாம்மா, செயலர் சொல்றது சரிதானா?"

ரெஜினா அக்கா எழுந்தார். மறுப்பார், சண்டைக்கு வருவார் என்று நான் பதில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "உண்மைதாங்க ஃபாதர். இந்த வருஷம் எங்களால ஒண்ணும் முடியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டோமோ என்று.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "அந்தத் தாளை அப்படியே எங்கிட்டக் குடும்மா. இந்த வருஷம் வந்ததுலயே இதுதான் நல்ல அறிக்கை" என்றார்.

கையெழுத்தைப் பார்த்திருப்பார். கான்வென்ட் கையெழுத்து, சிஸ்டர்கள் ஸ்கேலால் தட்டித் தட்டி வளர்த்தது.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரிய வியாழன் அன்று ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். இயேசு சீடர்களுக்குக் கழுவினாரே, அந்த நினைவாக. அதற்குத் தேர்ந்தெடுப்பது பெரிய மரியாதை. எங்கள் கோயிலில் எப்போதும் ஆண்கள்தான் உட்காருவார்கள். அந்த வருஷம் பார்த்தால் முதல் மூன்று நாற்காலியில் ரெஜினா அக்கா, லூர்து அக்கா, பவுலின் அம்மா. கூரை போட்டவர்கள் பின்னால் நிற்கிறார்கள், ஒன்றும் செய்யாதவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்கப்படட்டும் என்று ஃபாதர் செய்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஈஸ்டர் திங்கட்கிழமை சொன்னபடி அத்தை வந்தார். பெரிய பை ஒன்று காலியாகக் கொண்டுவந்திருந்தார், இவள் துணிமணிக்கு. எண்ணெய் தேய்த்தேன், காலை நீட்டினேன், ஊற்றினேன். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவள் தண்ணீரைக் கையால் அடித்து அடித்து அத்தை சேலையெல்லாம் நனைத்தாள்.

"யாரு பழக்கிவிட்டா?" என்றார் அத்தை.

"யாரு இருக்கா பழக்கிவிட? நானாத்தான்" என்றேன்.

"அதுசரி" என்றார். அந்தக் காலிப் பையில் எங்கள் வீட்டுத் தேங்காய் நாலைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தெருமுனையில் ரெஜினா அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சேலை விஷயமாக இருக்கும்.

அது போகட்டும், போன வருஷக் கதை. இந்த வருஷம் அப்படி விடுவதாக இல்லை. சாம்பல் புதனுக்கு அடுத்த நாள் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எங்கள் மேற்குத் தெருவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். வினோலியா என்று பெயர், தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை, முக்கால்வாசி நேரம் வீட்டில் இருப்பதில்லை. இரண்டு மாதக் குழந்தை. பூசையில் பார்த்தேன், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக நிற்கிறாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, தூக்குகிறேன் என்றால் கொடுக்கவில்லை. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத்தான் அந்த முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"இந்த வருஷம் அந்த வீடுதான்" என்றேன். "பெருசா ஒண்ணும் வேண்டாம்க்கா. தினமும் யாராவது போய் அங்க உக்காந்தாப் போதும். ஆனா உதவி செய்ய வந்தோம்னு போய் நிக்காதீங்க. அவ கூசிப்போயிருவா, கதவைச் சாத்திக்குவா. உங்களுக்கு அவகிட்ட ஏதோ ஆக வேண்டியிருக்கிற மாதிரி போங்க."

லூர்து அக்கா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவக்காலத்துல பொய் சொல்லச் சொல்றியா அம்மணி?" என்றார் பவுலின் அம்மா.

"சின்னப் பொய்தானே பவுலினம்மா. பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிட்டாப் போச்சு."

ரெஜினா அக்கா என் கன்னத்தைத் தடவினார். "எப்பேர்ப்பட்ட யோசனை. எங்களுக்கு இதெல்லாம் தோணவே இல்ல பாரு. யாரு என்னான்னு சொல்லிட்டுப் போகோணும்னு நீயே எழுதிக் குடுத்துரு கண்ணு."

எழுதிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு தாள். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பம். அதுதான் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட வேண்டும் என்கிறேன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

கொண்டலாம்பட்டி வருகிறது, நீங்கள் இங்கேயா இறங்க வேண்டும்? பையை நான் எடுத்துத் தருகிறேன், இருங்கள். மற்ற இரண்டு பேரும் எப்படியும் சமாளித்துவிடுவார்கள் அம்மா. பவுலின் அம்மாவை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. வெள்ளை மனசு. ஒரு பொய்யை முகம் மாறாமல் சொல்ல அவருக்கு வரவே வராது.